டெனாரியஸ் வரைகிறேன்: ஆறாவது வாரம்

ரோமானிய வெள்ளிக்காசான டெனாரியஸின் படத்தை ஃபோனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பென்சிலால் வரைவதுதான் இப்போதைய பொழுதுபோக்கு. தலைப் பக்கம் வேண்டாம், பேரரசர்களின் மூக்கு எனக்கு வரவே வராது. பூப் பக்கம் மட்டும். ஒரு விதி வைத்திருக்கிறேன்: சுற்றியுள்ள எழுத்தைக் காகிதத் துண்டால் மறைத்துவிட்டு, நிற்கும் பெண் யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரம் பத்துக்கு இரண்டு. முகத்தைப் பார்த்ததுதான் தப்பு, 2 செ.மீ. கூட இல்லாத காசில் முகம் வெறும் புள்ளி. கையைப் பார்க்க வேண்டும். சுக்கான் பிடித்திருந்தால் அதிர்ஷ்டத்தின் தெய்வம் ஃபோர்ச்சூனா, பாம்புக்குக் கிண்ணத்தில் ஊட்டினால் ஆரோக்கியத்தின் தெய்வம் சாலுஸ், ஒரு கையில் பூவும் மறு கையில் தூக்கிப் பிடித்த ஆடை நுனியுமாக நடந்தால் ஸ்பெஸ், அதாவது நம்பிக்கை (நடனக்காரி என்று எழுதி வைத்திருந்தேன்). தராசும் பழம் வழியும் கொம்பும் வைத்திருப்பவள்தான் படுத்துகிறாள். நேர்மையின் தெய்வம் ஈக்விடாஸும் அப்படித்தான் நிற்கிறாள், நாணயச் சாலையின் மொனெட்டாவும் அப்படித்தான். எழுத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பதால் அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வாரம் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் காசு. பேரன்கள் கயஸும் லூசியஸும், நடுவே கேடயங்கள், ஈட்டிகள். மேலே ஒரு வளைந்த கோடு தெரிந்தது, அச்சுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். வரைந்து முடித்த பிறகு படித்தால், அது லிட்டுவஸாம், சகுனம் பார்க்கும் பூசாரியின் கோல், லூசியஸுக்கு. பக்கத்திலிருக்கும் கரண்டி கயஸின் பூசாரிப் பதவிக்கு. சரி, அழித்துவிட்டு மறுபடி. வாரிசுகள் இவர்கள்தான் என்று ஊருக்கெல்லாம் சொன்ன காசு இது, ஆனால் லூசியஸ் கி.பி. 2இலும் கயஸ் 4இலும் இறந்துபோக, ஆட்சி திபேரியஸிடம் போனது. அவர் காசில் கிளையும் செங்கோலும் ஏந்தி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவருடைய அம்மா லிவியா என்று பலர் சொல்கிறார்கள். கோவை, கரூர் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் இந்த இரண்டு வகைகள்தான் நிறைய, நான் இவற்றை எடுத்ததும் அதனால்தான்.

இப்போதைய கணக்கு பத்துக்கு ஏழு. அடுத்தது சீசரின் யானை. அது மிதிப்பது பாம்பா, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் போர் ஊதுகொம்பா என்று ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆகவே காலடியில் ஒரு வளைவு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.