காது முட்டும் குதிரை

ஜனவரி 8, 2025, புதன்

ரொம்ப நாள் கழித்து ஒரு கைவேலை வந்திருக்கிறது. சௌகார்பேட்டை மின்ட் தெருவில் ஜவுளி வியாபாரம் செய்யும் சேட்டு ஒருவர், பேரன் கல்யாணத்தை ஒட்டி வீட்டு ஹாலில் மாட்ட ஒரு குதிரைப் படம் கேட்கிறார். ஐந்தடிக்கு நாலடி, கேன்வாஸில் ஆயில். "ஃப்ளெக்ஸ் எவன் வேணா அடிச்சுக் குடுப்பான். எனக்குக் கையால போட்டது வேணும்" என்றார். பாதிப் பணம் அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டார்.

குதிரை எனக்குப் புதிதில்லை. சினிமா பேனர் கம்பெனியில் கதாநாயகன் முகத்தை வாத்தியார் போடுவார், அடியில் இருக்கும் குதிரை என் தலையில் விழும். அதற்காகவே பத்தொன்பது வயதில் விடியற்காலை சைக்கிளில் போய் மவுன்ட் ரோடு மன்றோ சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்து பழகினேன். சான்ட்ரி என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்தது, 1839இல் இங்கே நிறுத்தினார்கள். சேணம் இல்லை, அங்கவடி இல்லை என்று ஊரே குறை சொல்லும். எனக்கு அது வசதி, உடம்பு முழுக்கத் தெரியும். நான் போட்ட குதிரைகள் அத்தனையும் அந்த வெண்கலக் குதிரையின் பிள்ளைகள்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

கரியில் ஒரு மாதிரி போட்டு எடுத்துப் போனேன். சேட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். டீ வந்தது, குடித்தார், மறுபடி பார்த்தார்.

"குதிரை நல்லாத்தான் இருக்கு ஆர்ட்டிஸ்ட். ஆனா எங்க குதிரை இல்ல."

"எங்க தப்பு சேட்ஜி?"

இரண்டு ஆள்காட்டி விரலையும் தலைக்கு மேல் வைத்து, நுனியை உள்பக்கம் வளைத்து ஒன்றோடொன்று முட்ட வைத்தார். எழுபத்தைந்து வயதுக்காரர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உள்ளே இருந்த மருமகள் சிரித்துவிட்டார்.

அவர்களுடைய ராஜஸ்தான் பக்கத்து மார்வாரிக் குதிரைக்கு அதுதான் அடையாளமாம். காது இரண்டும் உள்நோக்கி வளைந்து, நிமிர்ந்து நிற்கும்போது நுனி தொட்டுக்கொள்ளும். அரை வட்டம் திரும்பவும் செய்யும். குஜராத்தின் கத்தியவார் குதிரைக்கும் இப்படி உண்டு. இரண்டும் பங்காளிகள். போனில் ஒரு படம் காட்டினார். நெற்றிக்கு மேலே ஒரு சின்ன வளைவு, தேர்த்தட்டின் திருவாசி மாதிரி. என் குதிரைக்கு நேர்க்காது. சீமைக் காது.

வண்ணம் பற்றிக் கேட்டேன். கறுப்பு கூடவே கூடாது, அது சாவுக்கும் இருட்டுக்கும் உரியது என்று அவர்கள் பக்கம் வழக்கம். சாம்பல் வெள்ளைக்குத்தான் முதல் மரியாதை, அடுத்தது திட்டுத்திட்டாக இரண்டு நிறம் கலந்தது. இங்கே மலையமான் திருமுடிக்காரிக்குக் கறுப்புக் குதிரைதான் பெருமை, அதன் பெயரே காரி. கருப்பண்ணசாமி மட்டும் வெள்ளைக் குதிரையில் ஏறிக்கொள்கிறார். நிறத்துக்கு எந்த ஊரிலும் ஒரே நியாயம் கிடையாது போல.

உள்ளே இருந்து சேட்டம்மா குரல் கொடுத்தார்: "பாஞ்ச் கல்யாண் போடச் சொல்லுங்க." நாலு கால் குளம்புக்கு மேலே வெள்ளை, முகத்தில் வெள்ளைப் பட்டை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஞ்சகல்யாணி! என் ஆயா கதை சொல்லும்போது ராஜகுமாரன் ஏறி வருவது எப்போதும் பஞ்சகல்யாணிக் குதிரைதான். என்ன அர்த்தம் என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை.

சேட்டுக்கு வேறு ஆசை. மேவார் மன்னர் ராணா பிரதாப்பின் குதிரை சேத்தக் மாதிரி நீலக்குதிரை வேண்டும். இருவரும் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். சண்டையா கொஞ்சலா என்று புரியவில்லை.

ஜனவரி 13, திங்கள்

போகிப் புகை, ஜன்னலைத் திறக்க முடியவில்லை. சேட்டு சொன்ன அளவுகளைக் குறிப்பாக எழுதி வைக்கிறேன். ஐந்து பார்லி மணியை வரிசையாக வைத்தால் ஒரு விரல் அகலம். முகத்தின் நீளம் இருபத்தெட்டு விரலிலிருந்து நாற்பது விரல் வரை. உச்சந்தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரைக்கும் முகத்தைப் போல நாலு மடங்கு. அந்தக் காலத்தில் குதிரை வாங்குகிறவர்கள் இப்படித்தான் பார்த்தார்களாம்.

மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் மச்சானுக்கு போன் போட்டேன். "இது நம்ம தாலக் கணக்கு மாதிரி இருக்கே மாமா" என்றான். சிற்பிகளுக்கு முகம்தான் ஒரு தாலம், உடம்பு அத்தனையும் அதன் மடங்கு. எட்டு யவம், அதாவது பார்லி மணி, ஓர் அங்குலம், அதாவது ஒரு விரல் அகலம். "நமக்கு எட்டு, அவங்களுக்கு அஞ்சா? அவங்க ஊரு பார்லி பெருசா இருக்கும்" என்று சிரித்தான்.

உடனே கேன்வாஸில் கட்டம் போட்டேன். பேனரில் ஒரு கட்டம் ஓர் அடி. இதில் ஒரு கட்டத்தின் பக்கம் குதிரையின் ஒரு முகம். தலை முதல் வால் வரை நாலு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. மன்றோ குதிரையைவிடக் கழுத்து ஒடுக்கம், மார்பு அத்தனை அகலமில்லை, கால் நீளம். மணல் காட்டில் ஓட வேண்டிய உடம்பு.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

மெரினாவுக்குப் போகாதே என்று வீட்டில் சொன்னார்கள். போனேன். தண்ணீரில் இறங்கவிடாமல் கட்டை கட்டியிருந்தார்கள், மணல் முழுக்கத் தலை. குதிரைக்காரர்களுக்கு இன்றைக்கு மூச்சுவிட நேரமில்லை. இருந்தாலும் பழக்கமான பாய் ஒருவர், சவாரிக்கு நடுவே பதில் சொன்னார். இவர் குதிரையைத்தான் கல்யாண ஊர்வலங்களுக்கும் வாடகைக்கு எடுப்பார்கள்.

இவர்கள் வாயில் நிறங்களுக்கு வேறு பெயர்கள். கறுப்பு முஷ்கி. உடம்பு செம்பழுப்பும் பிடரியும் வாலும் கறுப்புமாக இருந்தால் கும்மைத். திட்டுத்திட்டாக இருந்தால் அப்லக். என் சந்தேகம் வெள்ளையில்தான்.

"நுக்ரா பொறக்கும்போதே வெள்ள. தோலு ரோஸா இருக்கும். சப்ஜா பொறக்கறப்போ கறுப்பாவோ செவப்பாவோ இருக்கும், வருசா வருசம் வெளுக்கும். தோலு மட்டும் கறுப்பு. மூக்கப் பாருண்ணே, தெரிஞ்சிடும்."

அவர் குதிரை நுக்ரா. மூக்கு ரோஸ். காது நேராகத்தான் இருந்தது.

கடலைப் பார்த்துக்கொண்டு சுண்டல் தின்றபோது நீலம் விளங்கியது. கறுப்புத் தோலின் மேல் வெள்ளை மயிரும் கறுப்பு மயிரும் கலந்து கிடந்தால் தூரத்திலிருந்து கண் அதை நீலமாகத்தான் எடுத்துக்கொள்ளும். பேனரில் தாடி மழித்த கன்னத்துக்கு நாங்கள் நீலம் பூசுவதும் இதே காரணத்தால்தான். சேத்தக் நீலம் என்றால் அது சப்ஜா. செஞ்சி தேசிங்கு ராஜா கதையில் வரும் நீலவேணிக் குதிரையும் ஒருவேளை இந்தச் சாதிதானோ என்னவோ.

ஒரு சிக்கலும் கூடவே வந்தது. சப்ஜா வெளுத்து முழு வெள்ளையானால் நாலு கால் வெள்ளையும் முகப் பட்டையும் உடம்போடு கரைந்துவிடும். சேட்டுக்கு நீலம், சேட்டம்மாவுக்குப் பஞ்சகல்யாணி. இரண்டும் ஒரே உடம்பில் தெரிவது குதிரை இளசாக இருக்கும் சில வருஷங்கள்தான். இரவு போனில் சொன்னேன். படத்துக் குதிரைக்கு நாலு வயது என்று முடிவாயிற்று.

ஜனவரி 19, ஞாயிறு

ஈ.சி.ஆர். பக்கம் ஒரு குதிரை லாயத்தில் நிஜ மார்வாரி ஒன்று இருப்பதாகச் சேட்டுவின் பேரன் கண்டுபிடித்து அழைத்துப் போனான். பெண் குதிரை, பொன்னிறம், பிடரி வெளிர் மஞ்சள். பிடரியும் வாலும்கூடச் செம்பழுப்பான குதிரைக்கு நிறத்தை வெளுக்கும் ஒரு மரபணு தாயிடமோ தந்தையிடமோ இருந்து வந்தால் இப்படிப் பொன்னாகும், இரண்டு பக்கமும் வந்தால் பால்வெள்ளையும் நீலக்கண்ணும் என்று லாயக்காரர் சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருந்தது காதை. ஆள் அரவம் கேட்டதும் இரண்டும் எழுந்து நுனியோடு நுனி தொட்டன. கும்பிடு போட்ட மாதிரி.

ஆனால் போனதற்குக் கிடைத்தது காது இல்லை, நடை. ரேவால் என்கிறார்கள்.

மற்றக் குதிரைகள் துள்ளோட்டம் போகும்போது வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் சேர்ந்து விழும், அப்புறம் மாறும். மேலே இருப்பவன் இடுப்பு ஒவ்வோர் அடிக்கும் எகிறும். மெரினாவில் சவாரி போன எல்லாருக்கும் அது தெரியும். ரேவாலில் ஒரே பக்கத்து முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சேர்ந்து போகின்றன, ஒட்டகம் மாதிரி. ஆனால் முழுக்கச் சேரவில்லை, ஒன்று மற்றதைவிட மயிரிழை முந்துகிறது. அதனால் காதில் இரண்டு சத்தம் விழவில்லை, நாலு விழுகிறது. தகதிமி தகதிமி தகதிமி. ராஜஸ்தானிலிருந்து வந்த பையன் ஒருவன் ஓட்டிக் காட்டினான். அவன் தலைப்பாகை சுவருக்கு மேலே ஒரே மட்டத்தில் வழுக்கிக்கொண்டு போனது, கம்பியில் தொங்கவிட்டு இழுத்த மாதிரி. பாலைவனத்தில் நாள் முழுக்கப் போகிறவனுக்கு முதுகெலும்பு மிச்சம்.

நம் பழைய குதிரை நூற்காரர்களும் மயூரகதி, வானரகதி என்று நடைக்குப் பெயர் வைத்தவர்கள்தான். இதற்கு அவர்கள் என்ன பெயர் சொல்லியிருப்பார்கள் என்று வண்டியில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

நாலு நாளாகக் கால்தான். கால், கால், கால்.

நிறம் படிந்துவிட்டது. பேன்ஸ் கிரேயோடு டைட்டானியம் ஒயிட், அடிவயிற்றில் கொஞ்சம் பர்ன்ட் அம்பர், தொடையில் நாணய வட்டங்களாக வெளிறல். காது மூன்று தடவை அழித்துப் போட்டு வந்துவிட்டது. கால் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

போனில் வேகம் குறைத்து எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இடப்பக்கக் கால்கள் இரண்டும் முன்னே போகிற கணத்தை அப்படியே இறக்கினேன். கொஞ்சம்கூடப் பொய் இல்லை. வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னங்க குதிரை கீழ விழப்போகுதா?" என்றாள். எதிர்வீட்டுப் பையனும் அதையே சொன்னான்.

அவர்கள் மேல் தப்பில்லை. கோயில் குதிரை வாகனம் முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாயும். அய்யனார் குதிரை நாலு காலையும் ஊன்றி நிற்கும். மன்றோ குதிரையும் நிற்கிறது. நடந்துகொண்டே அசையாமல் இருக்கும் குதிரைக்கு நம் கண்ணில் அச்சு இல்லை. கேமரா சொல்வதைக் கண் நம்பாதது புதிதும் இல்லை. 1878இல் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கிற மாதிரி அதுவரை ஓவியர்கள் போட்டது பொய் என்று ஆனது. அந்தப் பொய்தான் இன்னும் பார்க்க வேகமாக இருக்கிறது.

காலை மாற்றிப் போட்டுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அந்த யோசனைதான். பேனர் நாட்களில் யோசித்தே இருக்கமாட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

காலைத் தொடவில்லை. மேலே மாற்றினேன். சவாரி செய்கிறவனை உட்கார வைத்தேன், தலைப்பாகையின் தொங்கல் முனை முதுகோடு படிந்து கிடக்கிறது, கடிவாளம் தளர்ந்திருக்கிறது. கீழே குளம்படியில் மட்டும் புழுதி. மேல்பாதி தூங்குகிறது, கீழ்பாதி ஓடுகிறது. வீட்டம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. விழப்போகுதா என்று கேட்காதவரை சரி.

ஜனவரி 30, வியாழன்

சேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கால்களைப் பார்த்ததும் விரல்களால் முட்டியில் தட்டினார். தகதிமி அல்ல, அவர் கணக்கு வேறு, ஆனால் நாலுதான்.

அவர் குதிரை ஏறியது கல்யாணத்தன்று ஒரே தடவை. மூன்று தலைமுறையாக மெட்ராஸ் ஜவுளி. தாத்தா சொன்னதுதான் எல்லாம். கட்ச் கரையில் உடைந்த அரபுக் கப்பலிலிருந்து தப்பிய ஏழு குதிரைகள் மார்வாருக்கு வந்து சேர்ந்த கதையும், 1576 ஹல்திகாட்டிப் போரில் யானைகளை ஏமாற்றக் குதிரை முகத்தில் பொய்த் துதிக்கை கட்டிய கதையும் சொன்னார். 1930களில் இனம் தேய்ந்துபோனபோது ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் காப்பாற்றியதை, பேரன் கஜ் சிங் தொடர்வதைச் சொன்னார். சுதந்திரத்துக்குப் பின் ஜாகீர் நிலங்கள் போய், தீவனத்துக்கு வழியில்லாமல் பொதி சுமக்க விற்ற குதிரைகளைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சேத்தக் மார்வாரியா கத்தியவாரியா என்று கேட்டேன். "குஜராத்திகிட்ட மட்டும் கேட்டுடாத" என்றார்.

கிளம்பும்போது கழுத்தைத் தொட்டார். "சுழி எங்க?"

கழுத்தோரம் நீளமாக இறங்கும் மயிர்ச்சுழி, அவர்கள் தேவ்மன் என்கிறார்கள், ராசியானது. கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் ஆகாது. மாட்டுக்குச் சுழி பார்க்கும் ஊரில் பிறந்தவன் நான், என்னிடம் சொல்ல வேண்டுமா? ரெண்டாம் நம்பர் பிரஷ்ஷில் பத்து நிமிஷ வேலை. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று ராத்திரி கல்யாண ஊர்வலம். மின்ட் தெருவில் பேண்டு, தலையில் விளக்கு சுமந்த பெண்கள், பின்னால் ஜெனரேட்டர் வண்டி. மாப்பிள்ளை ஏறி வந்தது யார் குதிரை என்கிறீர்கள்? மெரினா பாயின் நுக்ராதான். ஜிகினா முகபடாம், காலில் சலங்கை, ரோஸ் மூக்கு. பாய் என்னைப் பார்த்துக் கையாட்டினார். தெரு அடைத்துக் கூட்டம், குதிரை ஓரடி வைத்து ஒரு நிமிஷம் நின்றது. ரேவாலாவது ஒன்றாவது.

சேட்டு என் தோளைப் பிடித்துக் காதருகே குனிந்தார். "குதிரை காதை மட்டும் பார்க்காத ஆர்ட்டிஸ்ட்."

சாப்பாடு நன்றாக இருந்தது. கேர் சாங்ரி என்று ஏதோ பாலைவனக் காய், இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். மீதிப் பணம் கேட்க மறந்து வந்துவிட்டேன். நாளைக்கு போன் போட வேண்டும்.