308 பித்தளைக்கு எந்த மசகு? மூன்று மாதம் செய்து பார்த்தது

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, மறுபடி நிரப்பத் தயார் செய்துகொண்டிருந்தேன். பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கினேன், கேஸ் டைக்குள் (அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு) ஏறியது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கம்தான், ஆனாலும் அடிவரை போய்விட்டது. திரும்பத் தூக்கும்போதுதான் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தித் தூக்கினேன். டக் என்று ஒரு சத்தம். கேஸைத் தாங்கும் தண்டான ராம் இறங்கிவிட்டது, கேஸ் மட்டும் டைக்குள்ளேயே நின்றுவிட்டது. கேஸின் விளிம்பைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் பிறை நிலா மாதிரி ஒரு துண்டு விளிம்பு பிய்ந்து கிடந்தது.

ரீலோடிங், அதாவது தோட்டாவை மறுபடி நிரப்பும் வேலை, செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது இது நடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு இரண்டாம் வருடத்தில் நடந்தது. அன்றிலிருந்து மசகு விஷயத்தை ஒழுங்காக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது டெக்சாஸில். சொந்த உபயோகத்துக்குத் தோட்டாவை மறுபடி நிரப்பிக்கொள்ள அமெரிக்காவில் மத்திய அரசு உரிமம் எதுவும் கேட்பதில்லை. விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். என்னிடம் இருப்பது 308 வின்செஸ்டர் என்ற தோட்டாவைச் சுடும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போய்த் தாளில் சுடுவதோடு சரி. சுட்டு முடிந்த பித்தளைக் கேஸ்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி மறுபடி பயன்படுத்துவதில்தான் எனக்கு ருசி.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் கேஸ் உப்பி, துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்கு வராது. அதை எஃகு டைக்குள் தள்ளி நெருக்கித்தான் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பித்தளைக்கும் எஃகுக்கும் நடுவே வழுக்கும் படலம் ஒன்று இல்லையென்றால் பித்தளை டையின் சுவரைக் கவ்விக்கொள்ளும். 45 ஏசிபி, 38 ஸ்பெஷல் மாதிரி நேர் சுவர் கொண்ட கைத்துப்பாக்கிக் கேஸ்களுக்குக் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் வளையம் வைத்த டை கிடைக்கிறது, அதில் மசகே தேவையில்லை. கழுத்து குறுகிய ரைஃபிள் கேஸ்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. டை கார்பைடாகவே இருந்தாலும் மசகு போட்டுத்தான் ஆக வேண்டும்.

சிக்கிய கேஸை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதலில் டையின் நடுத்தண்டைத் திருகி, முடிந்த மட்டும் மேலே தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் துளையிடும்போது டிரில் அதில் போய் இடிக்கும். பிறகு கேஸின் அடியில், பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழியின் நடுவில் இருக்கும் சிறிய துவாரத்தை 7-ஆம் நம்பர் டிரில்லால் பெரிதாக்கினேன். அதற்குள் கால் அங்குல, 20 மரை டேப்பைப் போட்டு மரை வெட்டினேன். டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். பொன் நிறத்தில் சுருள் சுருளாகப் பித்தளைத் துருவல் மேஜையில் விழுந்தது. டையின் வாயில் ஒரு குழாய்த் துண்டை வைத்து, அதன் வழியாக போல்ட்டைப் போட்டு ஸ்பேனரால் இறுக்க இறுக்க, கேஸ் நூல் நூலாகக் கீழே வந்தது. டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணத்தைத் தேடினேன். ஒன்றல்ல, மூன்று சேர்ந்திருந்தன. அன்றுதான் டையைக் கரைப்பான் ஊற்றிக் கழுவியிருந்தேன், உள்ளே எண்ணெய்ப் பசையே இல்லை. கேஸ்களை எஃகு ஊசிகளோடு தண்ணீரில் உருட்டிக் கழுவியிருந்தேன், உள்ளேயும் வெளியேயும் புதுப் பாத்திரம் மாதிரி பளபளப்பு. கடைசியாக, ஏரோசால் ஸ்ப்ரே மசகை அடித்துவிட்டு அரை நிமிடம்கூடக் காயவிடவில்லை. அந்த வகை ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போன பிறகு மிஞ்சும் படலம்தான் வேலை செய்யும். ஈரத்தோடு தள்ளினால், வழுக்க வேண்டிய பொருள் அங்கே இன்னும் படிந்திருக்கவே இல்லை என்று அர்த்தம்.

பளபளப்பு விஷயம் எனக்குப் புதிது. கழுத்தின் உள்ளே படியும் கரியே ஒரு மசகு மாதிரி உதவுகிறதாம். அதையும் சுரண்டி எடுத்துவிட்டால், டையின் நடுத்தண்டில் இருக்கும் உருண்டை கழுத்து வழியாக வெளியே வரும்போது கிரீச் என்று கத்தும், கழுத்தையும் இழுத்து நீட்டிவிடும். எங்கள் ரேஞ்சில் முப்பது வருடமாக ரீலோடிங் செய்யும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "கேஸைச் சுத்தம் பண்ணு, ஆனால் நகைக்கடையில் வைக்கிற மாதிரி பண்ணாதே." அன்று முதல் நான் சோளக்கதிர்ச் சக்கைத் தூளில்தான் உருட்டுகிறேன்.

சரி, சோதனைக்கு வருவோம். ஒரே துப்பாக்கியில் நான்கு முறை சுட்ட, ஒரே தொகுதிக் கேஸ்கள் அறுபதை எடுத்துக்கொண்டேன். இருபது இருபதாக மூன்று கூறு. சிக்குமா சிக்காதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) எவ்வளவு பின்னால் தள்ளப்படுகிறது என்பதையும் கம்பரேட்டர் என்ற அளவுகருவி வைத்து அளந்தேன். மூடிய அறையில் கேஸின் அடி உட்காரும் இடத்திலிருந்து தோள் வரை உள்ள நீளம்தான் ஹெட்ஸ்பேஸ். அதைச் சரிபார்க்கும் கோ கேஜ் (அறை மூட வேண்டிய அளவு) 308-க்கு 1.630 அங்குலம், நோ-கோ (மூடக் கூடாத அளவு) 1.634. நடுவில் இருப்பது வெறும் ஆயிரத்தில் 4 பங்கு அங்குலம். என் அறையிலிருந்து வரும் கேஸின் தோளை ஆயிரத்தில் 2 பங்கு அங்குலம் மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். ஆகவே மசகு ஒரு கேஸில் கூடி ஒரு கேஸில் குறைந்தால் அது அப்படியே அளவில் தெரிந்துவிடும்.

முதல் கூறுக்கு, மையொற்றும் பேடு மாதிரியான பஞ்சு மெத்தையில் ஊற்றி, கேஸ்களை உருட்டி எடுக்கும் தண்ணீரில் கரையும் மசகு. கழுவிப் போக்க எளிது. ஆனால் உருட்டும்போது தோளிலும் மசகு ஏறிவிடுகிறது. மூன்று கேஸ்களின் தோளில் கட்டைவிரலால் அமுக்கிய மாதிரி குழி விழுந்தது. திரவத்தை நெருக்கிச் சுருக்க முடியாதல்லவா? போக இடமில்லாத மசகு பித்தளையை உள்ளே தள்ளிவிடுகிறது. டையின் பக்கத்தில் இருக்கும் சின்னக் காற்றுத் துவாரமும் அடைத்திருந்தது, ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். அளவுகளும் ஒன்றுக்கொன்று ஆயிரத்தில் 4 பங்கு அங்குலம்வரை வேறுபட்டன.

இரண்டாவது, இம்பீரியல் சைசிங் டை வாக்ஸ். சின்னத் தகர டப்பாவில் வரும் மெழுகு. தொட்டால் கெட்டியாக இருக்கும், விரல் சூட்டில் இளகும். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் லேசாகத் தொட்டு, கேஸின் உடம்பில், முக்கியமாக அடிப்பக்கம், ஒரு சுற்றுத் தடவ வேண்டும். இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற கணக்குதான்: தடவினது தெரிய வேண்டும், தேங்கி நிற்கக் கூடாது. தோளைத் தொடுவதே இல்லை. மூன்று கேஸுக்கு ஒருமுறை டப்பாவைத் தொட்டால் போதும். கழுத்தின் உள்ளே நைலான் பிரஷ்ஷால் கொஞ்சம் கிராஃபைட் தூள்.

கைப்பிடியை இறக்கியதுமே வித்தியாசம் தெரிந்தது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. அந்தக் கிரீச் சத்தம் ஒரு கேஸில்கூட இல்லை. இருபதில் பதினெட்டு, ஆயிரத்தில் 1 பங்கு அங்குலத்துக்குள் அடங்கின. குறை என்றால் நேரம்தான். ஒவ்வொன்றையும் கையால் தடவ வேண்டும், பிறகு ஒவ்வொன்றையும் துடைக்கவும் வேண்டும்.

மூன்றாவது, லனோலின். செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. டில்லன் நிறுவனம் விற்கும் ஸ்ப்ரேயும் இந்த வகைதான். நான் வீட்டிலேயே கலந்தேன்: திரவ லனோலின் 1 பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 12 பங்கு. லனோலின் பாட்டிலைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகி ஒழுங்காகக் கலக்கும். ஆல்கஹால் 99 சதவீதமாக இருக்க வேண்டும். மருந்துக்கடையின் 70 சதவீத ஆல்கஹாலில் மீதி தண்ணீர்தான், அதில் லனோலின் சரியாகக் கரையாமல் பிரிந்து நிற்கும். ஆட்டோ பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் ஹீட் (பெட்ரோல் டேங்கில் ஊற்றும் திரவம்) வாங்கினால், ஐசோபுரொப்பைல் உள்ள சிவப்பு பாட்டிலைத்தான் எடுக்க வேண்டும். மஞ்சள் பாட்டிலில் இருப்பது மெத்தனால், தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் விஷம். கலப்பது, அடிப்பது இரண்டையும் கராஜ் கதவைத் திறந்து வைத்துத்தான் செய்கிறேன், தீப்பொறி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

முதல் முயற்சிக்கு லனோலின் வாங்கக் கடைக்குப் போகவே இல்லை. பாலூட்டும் தாய்மார்கள் பூசும் க்ரீம் சுத்தமான லனோலின்தான் என்று படித்திருந்தேன். அலமாரியில் பாதி ட்யூப் மிச்சம் இருந்தது. "ஏங்க, அது எனக்கு வாங்கினதாச்சே, கராஜுக்கு எதுக்கு?" என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். "எடுத்துக்குங்க, பாப்பாவுக்குத்தான் மூணு வயசாச்சே" என்றாள். அது கெட்டி லனோலின். சூடாக்கி நிறையக் குலுக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை திரவமாகவே வாங்கிவிட்டேன்.

கேஸ்களை ஜிப் பையில் போட்டு, நான்கு முறை பீய்ச்சி, பையை உருட்டிப் பிசைந்து, தட்டில் கொட்டிப் பத்து நிமிடம் காயவிட்டேன். கழுத்துக்குள்ளும் கொஞ்சம் போய்விடுவதால் உருண்டையும் சத்தமில்லாமல் வந்தது. அளவு வித்தியாசம் ஆயிரத்தில் 2 பங்கு அங்குலம். மெழுகு அளவுக்கு இல்லை, ஆனால் இருபது கேஸுக்கு மசகு போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மசகைத் துடைப்பதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. மசகோடு சுட்டால் கேஸ் அறைச் சுவரைச் சரியாகப் பிடிக்காது. பின்னால் தள்ளும் விசை முழுக்க, துப்பாக்கியின் அறையை மூடும் போல்ட்டின் மேல் விழும். கேஸின் உள்ளே மிஞ்சியிருந்தால் வெடிமருந்தும் பிரைமரும் கெடும். நான் மறுபடி சோளச் சக்கையில் அரை மணி நேரம் உருட்டி, பிரைமர் குழியின் துவாரத்தில் தூள் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்க்கிறேன். அதன் பிறகு கை கழுவாமல் எதையும் தொடுவதில்லை, சுட்ட கேஸ்களில் ஈயம் இருக்கும்.

இப்போதைக்கு என் ஏற்பாடு இது: ஐம்பதுக்குக் கீழே என்றால் மெழுகு, அதற்கு மேல் என்றால் லனோலின். ரேஞ்சில் ஒருவர் லேக் சிட்டி தொழிற்சாலையில் செய்த இருநூறு ராணுவக் கேஸ்கள் கொடுத்திருக்கிறார். மெஷின் கன்னில் சுட்டவையாக இருக்கலாம், அளந்த வரையில் அடிப்பக்கம் நன்றாகவே உப்பியிருக்கிறது. அவற்றுக்கு முதலில் லனோலின், அதன்மேல் அடியில் மட்டும் விரலால் ஒரு சுற்று மெழுகு என்று யோசித்திருக்கிறேன். நேற்று பத்து செய்து பார்த்தேன். கைப்பிடி கனமாக இருந்தது, ஆனால் பத்தும் முழுசாக வெளியே வந்தன.