இணைக் கடனாளி என்ற இடத்தில் போட்ட கையெழுத்து

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குக் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், தம் மகளுக்குப் புதுச்சேரியில் முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருப்பதாகவும், அதற்காக ஆறு லட்சம் ரூபாய் கல்விக் கடன் கேட்கப் போவதாகவும் சென்ற வாரம் சொன்னார். வட்டி எவ்வளவு, தவணை எப்போது தொடங்கும் என்றெல்லாம் நான் விசாரித்தபோது, அவர் சிரித்துக்கொண்டே, "அரசாங்கமே ஜாமீன் நிக்குதாமே சார், அப்புறம் நமக்கு என்ன பயம்?" என்றார். 2019-இல் என் மகளின் எம்.பி.ஏ. படிப்புக்காக வங்கிப் படி ஏறியபோது நானும் ஏறக்குறைய இதே நினைப்பில்தான் இருந்தேன். நாற்பது ஆண்டுகள் ஓர் ஆலையில் கணக்கு எழுதியவனுக்கே இந்த மயக்கம் இருந்தது என்பதால், நண்பரிடம் சொன்னதை இங்கே சற்று விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

அரசு ஜாமீன் நிற்பது உண்மைதான். கல்விக் கடனுக்கான கடன் உத்தரவாத நிதித் திட்டம் 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடன் திரும்பி வராமல் வாராக் கடனாகிவிட்டால், நிலுவையில் 75 விழுக்காட்டை அந்த நிதியிலிருந்து வங்கி கேட்டுப் பெறலாம். இந்தப் பாதுகாப்புக்காக வங்கி ஆண்டுதோறும் அரை விழுக்காடு கட்டணம் செலுத்துகிறது. பலரும் கவனிக்கத் தவறுவது இதற்கு அடுத்த வரியைத்தான். உத்தரவாதத் தொகை வங்கிக்கு வந்து சேர்ந்த பிறகும், கடன் வாங்கியவர் மீதான வங்கியின் உரிமை ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. வசூல் நடவடிக்கை முன்போலவே தொடரும். வசூலாவதில் உரிய பங்கை வங்கி அந்த நிதிக்குத் திருப்பிச் செலுத்தும். ஆகவே அந்த ஜாமீன் வங்கிக்கும் அரசுக்கும் இடையே உள்ள கணக்கு. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அதில் வரவும் இல்லை, பற்றும் இல்லை.

அப்படியென்றால் நமக்கு அதனால் பயனே இல்லையா என்று நண்பர் கேட்டார். இருக்கிறது, ஏழரை லட்சம் வரை சொத்து ஈடும் வேண்டியதில்லை, மூன்றாம் மனிதர் ஜாமீனும் வேண்டியதில்லை என்பதே அந்தப் பயன். ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. நான் போன கிளையில் (பெயர் வேண்டாம்) விண்ணப்பம், சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், வட்டாட்சியர் வழங்கிய வருமானச் சான்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்த அலுவலர், கோப்பை மூடி வைத்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. வீட்டுப் பத்திரத்தை மட்டும் ஒரு பார்வைக்குக் கொண்டு வாங்க" என்றார். ஒரு பார்வைக்குத்தானே என்று நானும் மறுநாள் மஞ்சள் துணிப்பையில் பத்திரத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மூலப் பத்திரமா, நகலா என்று மட்டும் கேட்டுவிட்டு, சட்டக் கருத்துக்கு வழக்கறிஞரிடம் அனுப்ப வேண்டும், அதற்கான கட்டணம் என் பொறுப்பு என்றார். பத்திரத்தை ஈடாகத்தான் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்திரத்தைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு, ஈடு இல்லாமல் தர இயலாது என்றால் அதை எழுத்தில் தரும்படி கேட்டேன். கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுப்பதானால், கிளைக்கு மேலுள்ள அதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தைக் குறிப்பிட்டே மறுக்க வேண்டும் என்பது கல்விக் கடனுக்கென வங்கிகளுக்காக இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. அவர் எழுதித் தரவில்லை. பத்து நாள் கழித்துக் கடன் ஒப்புதலாகிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். பத்திரம் பற்றிய பேச்சு பிறகு எழவே இல்லை.

கையெழுத்திட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. மகள் "கடனாளி" என்ற இடத்திலும், நான் "இணைக் கடனாளி" என்ற இடத்திலும் பக்கம் பக்கமாகக் கையெழுத்திட்டோம். ஜாமீன்தாரர் வேறு, இணைக் கடனாளி வேறு என்பதை யாரும் எனக்கு விளக்கவில்லை; நானும் கேட்கவில்லை. மகள் கட்டாவிட்டால் அடுத்ததாக என்னிடம் வருவார்கள் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அந்தக் கடன் முதல் நாளிலிருந்தே எங்கள் இருவர் பெயரிலும் நிற்கிறது. வங்கி யாரிடம் வேண்டுமானாலும் முதலில் கேட்கலாம். தவணை ஒன்று தவறினால் இருவருடைய சிபில் பதிவிலும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று வங்கிகள் பார்க்கும் பதிவிலும், அது ஏறும். இதன் மறுபக்கமும் உண்டு. பெற்றோர் பழைய கடன் ஏதாவது ஒன்றைக் கட்டாமல் விட்டிருந்தால் பிள்ளையின் விண்ணப்பம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். தானே புயலில் பலாவும் முந்திரியும் போன பிறகு பண்ருட்டிப் பக்கம் கடன் நிலுவை வைக்காத வீடு குறைவு என்பதால், எங்கள் கடலூர் மாவட்டத்தில் இதை லேசாகச் சொல்லிவிட முடியாது.

முதுநிலைப் படிப்புக்குக் கடன் கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விப் படிப்புகளுக்கு, படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. ஆனால் அதை ஒருவர் ஒரு முறைதான் பெற முடியும். இளநிலையில் பெற்றுவிட்டால் முதுநிலைக்குக் கிடையாது. என் மகளின் பொறியியல் படிப்புக்கு நாங்கள் வாங்கியது சிறிய கடன், மானியமாகக் கிடைத்த வட்டியும் சொற்பம். அதைப் பயன்படுத்தி முடித்துவிட்டதால், வட்டி கனமாக இருந்த எம்.பி.ஏ. கடனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சிறிய தொகையைக் கைப்பணத்தில் சமாளித்து, மானியத்தைப் பெரிய கடனுக்கு வைத்திருப்பேன்.

2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இதில் கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரை உள்ளவர்களுக்கு, பத்து லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும் வரை மூன்று விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. இந்தச் சலுகை ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு. ஆயினும் எல்லாக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தாது. தேசியத் தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களும் மத்திய அரசு நிறுவனங்களுமாகத் தொடக்கத்தில் 860 நிறுவனங்களே பட்டியலில் இடம்பெற்றன. காலாப்பட்டில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேரும் பிள்ளைக்கும், அதே சாலையில் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கும் கிடைக்கும் கடன் ஒரே மாதிரி இருக்காது. நண்பரின் மகள் சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தப் பேச்சினிடையே அவர் அமெரிக்காவைப் பற்றியும் கேட்டார். அங்கே பெற்றோருக்கென்றே அரசு தனிக் கடன் தருவதாக அவருடைய மைத்துனர் சொன்னாராம். அதுவும் உண்மை. பேரண்ட் பிளஸ் என்ற அந்தக் கடனை அமெரிக்க அரசே நேரடியாகத் தருகிறது. அது முழுக்க முழுக்கத் தாய் அல்லது தந்தை பெயரில்தான் இருக்கும். பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு அவர் பெயருக்கு மாற்ற முடியாது. பெற்றோரின் வருமானத்தைப் பாராமல், மோசமான கடன் வரலாறு இல்லை என்பதை மட்டும் பார்த்து, படிப்புச் செலவு முழுவதற்கும் கொடுத்து வந்ததால் அங்கே பல பெற்றோர் ஓய்வு வயதிலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் இயற்றிய சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு விதித்தது. முதுநிலை மாணவர்களுக்கான கிராஜுவேட் பிளஸ் கடனைப் புதியவர்களுக்கு அதே நாளோடு நிறுத்தவும் வகை செய்தது. இங்கிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இவை எப்போதுமே கிடைத்ததில்லை என்பதால் நமக்கு இது வெறும் செய்திதான். இருந்தாலும், பெற்றோர் பெயர் மட்டுமே உள்ள அந்தக் கடனைப் பார்த்த பிறகு, இருவர் பெயரும் உள்ள நம் ஏற்பாடு பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

கடைசியாக வட்டிக் கணக்கு. நண்பருக்கு மைதானத்துத் திண்டில் உட்கார்ந்து செய்தித்தாள் ஓரத்தில் இதை எழுதிக் காட்டினேன். ஆண்டுக்கு மூன்று லட்சமாக இரண்டு ஆண்டுகளில் ஆறு லட்சம் வாங்குவதாகவும், வட்டி பத்து விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். படிக்கும் இரண்டு ஆண்டும் அடுத்த ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம் என்கிறார்கள். ஆனால் வட்டி நிற்பதில்லை. தனிவட்டியாக முதல் ஆண்டு 30,000, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் 60,000 வீதம், மொத்தம் ஒன்றரை லட்சம் சேர்ந்து அசலோடு கலந்துவிடும். பத்து ஆண்டுத் தவணைக்கு மாதம் சுமார் 9,911 ரூபாய் ஆகும். அந்த வட்டியை மாதாமாதம் முதல் ஆண்டில் 2,500, பிறகு 5,000 என்று கட்டி வந்தால் அசல் ஆறு லட்சமாகவே நின்று, தவணை 7,929-க்கு இறங்கும். பத்து ஆண்டுகளில் வித்தியாசம் 2,37,000 ரூபாய்க்கு மேல். முன்கூட்டிக் கட்டிய ஒன்றரை லட்சத்தைக் கழித்தாலும் எண்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். நான் இந்தக் கணக்கைப் போட்டது மகள் படிப்பை முடித்த பிறகு, முதல் தவணைச் சீட்டு வந்த அன்றுதான். ஆலையில் யாராவது இப்படிக் காலம் தாழ்த்தியிருந்தால் திட்டியிருப்பேன்.

படிக்கும் காலத்திலேயே வட்டி கட்டுபவர்களுக்கு வட்டி விகிதத்தில் ஒரு விழுக்காடு வரை குறைக்கலாம் என்றும் வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் சொல்கிறது. எனவே அதைக் கையெழுத்துக்கு முன்பே ஒப்புதல் கடிதத்தில் எழுதி வாங்கும்படி நண்பரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளின் அந்த ஓரத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே வங்கிக்குப் போவதாக இருக்கிறோம். வீட்டுப் பத்திரத்தை எடுத்துவர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.