கொங்கிறீற் வீதிக்குக் கணக்குக் கேட்டு எடுத்தது

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் எங்கள் ஒழுங்கைக்குப் போட்ட கொங்கிறீற் வீதி முதல் மாரியிலேயே ஓரம் உடைந்தது. உடைந்த இடத்தில் அளவுநாடாவை வைத்தால் கனம் 10 சென்ரிமீற்றர்தான். பணம் எந்த அளவுக்குக் கொடுக்கப்பட்டது என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிடம் கேட்டோம். இப்போது கணக்கு கையில் இருக்கிறது. ஆனால் மினக்கெட்டதில் பாதி வீண் அலைச்சல்.

இழுபறி கவுண்டரிலேயே தொடங்கியது. "ஏன் கேக்கிறியள்? காரணத்தை எழுதித் தாங்கோ." காரணம் சொல்லத் தேவையில்லை என்று 24 ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது, எழுதிக் கொடுக்காதீர்கள். அடுத்தது, "தகவல் அலுவலர் லீவு, வைச்சிட்டுப் போங்கோ." வைத்துவிட்டு மட்டும் வரக்கூடாது. கிடைத்ததாக எழுத்தில் உடனே தரவேண்டியது அவர்கள் கடமை. அந்தத் திகதி இல்லாவிட்டால், அவர்கள் முடிவு சொல்லவேண்டிய 14 வேலைநாள் எப்போது தொடங்கியது என்று பிறகு நிறுவ முடியாது. தரமாட்டோம் என்றால் நேரே தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். படிவம் முடிந்துவிட்டது என்பார்கள். வெள்ளைத்தாளில் எழுதிய கடிதமும் செல்லும்.

கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் கனம் குறைந்தது?" என்று கேட்டால் "அப்படியான தகவல் எம்மிடம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, அளவுப்பட்டியலோடு ஒப்பந்தம், தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒப்பமிட்ட அளவைத்தாள்கள், கொங்கிறீற்றின் பலம் பார்க்கும் கட்டிப் பரிசோதனை அறிக்கை, கொடுப்பனவு வவுச்சர்கள். இதில் உயிர்நாடி அளவைத்தாள். என்ன போடவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். என்ன போட்டதாகப் பணம் எடுத்தார்கள் என்பது அளவைத்தாளில்தான் இருக்கும்.

முதல் பதிலில் வந்தது மொத்தத் தொகை மட்டும். மற்றதெல்லாம் ஒப்பந்தகாரரின் வர்த்தக இரகசியமாம். 5 ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் வெளியிட்டால் மூன்றாம் ஆளின் போட்டி நிலைக்குப் பாதிப்பு வரவேண்டும்; வந்தாலும் பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாகவேண்டும். மறைக்கவேண்டிய பகுதியை நீக்கி மிச்சத்தைத் தரச்சொல்கிறது 6 ஆம் பிரிவு. பொதுப்பணத்தில் முடிந்துபோன வேலையின் நீள அகலத்தில் என்ன இரகசியம்? இதையே பிரிவு இலக்கங்களோடு எழுதி, 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (சபையில் மேன்முறையீட்டைப் பார்ப்பவர்) மேன்முறையீடு கொடுத்தோம். அவருக்கு மூன்று கிழமை அவகாசம். பதிலே வராவிட்டாலும் மேன்முறையீடு செய்யலாம். இது தெரியாமல் பலர் காத்திருந்தே விட்டுவிடுகிறார்கள். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். எங்களுக்கு அதற்கு முன்பே பிரதிகள் வந்துவிட்டன.

அளவைத்தாளில் 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் கனம்: 45 கனமீற்றர். வீதி முழுக்க 10 சென்ரிமீற்றர் என்றால் 30தான். குறையும் 15 கனமீற்றர் என்பது ஐந்து கியூப்புக்கு (ஒரு கியூப் 100 கனஅடி) மேலே! ஆனால் ஓரத்து அளவை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டினால் எடுபடாது, நடுவில் கனம் சரியாக இருக்கலாம். பத்து மீற்றருக்கு ஒருக்கால் இரு ஓரமும் அளந்து, நாடாவின் இலக்கம் தெரியப் படம் எடுத்து, நடுவில் துளையிட்டு மாதிரி எடுக்கும்படி எழுதிக் கேளுங்கள். எடுக்கும்போது ஊரவர் நிற்கவேண்டும்.

தக்கவைப்புப் பணம், அதாவது குறைபாடு திருத்தும் காலம் முடியும்வரை ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைக்கும் பங்கு, இன்னும் விடுபடாமல் இருந்தது எங்கள் நல்லகாலம். உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் கணக்காய்வாளர் நாயகத்துக்கும் பிரதியிட்டுக் கடிதம் போனபின், மாதிரி எடுத்துப் பார்க்கும்வரை அந்தப் பணம் கொடுக்கப்படாது என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. குறைபாடு திருத்தும் காலம் முடிந்து பணம் போய்விட்டால் ஒப்பந்தகாரரை இழுத்துவருவது பெரும்பாடு. அந்தக் காலம் முடியும் திகதியை முதல் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். கையூட்டுக் கைமாறியதாகச் சந்தேகம் இருந்தால் அது வேறு வழி: இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் அளவைத்தாள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.