மிச்ச விசை

அந்தக் குட்டி அம்புக்குறிக்கு ஒரு புள்ளி வெட்டினேன். இன்று திருத்தினாலும் வெட்டத்தான் செய்வேன். ஆனாலும் விடைத்தாளை நீட்டிக்கொண்டு அவன் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை.

தரம் 10 தவணைப் பரீட்சை. இஞ்சின் நிறுத்தப்பட்ட படகு நேர்கோட்டில் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. அதில் தாக்கும் கிடை விசைகளைக் குறிக்க வேண்டும். திணிவு 400 கிலோகிராம், நீரின் தடை 200 நியூற்றன் என்றால் அமர்முடுகல், அதாவது வேகம் குறையும் வீதம், என்ன என்பது அடுத்த பகுதி. நீரின் தடையைப் பின்பக்கமாகச் சரியாகவே போட்டிருந்தான். கூடவே முன்பக்கமாகவும் ஓர் அம்பு, பக்கத்தில் பென்சிலால் ‘மிச்ச விசை’.

“ரீச்சர், கரைக்கு வரேக்க இஞ்சினை நிப்பாட்டித் தூக்கி விட்டிருவம். போட் தானா வந்து மணல்ல ஏறும். விசை மிச்சம் இல்லாட்டி எப்பிடி வரும்?”

திருக்கடலூர்ப் பிள்ளை. சனி, ஞாயிறில் தகப்பனோடு கடலுக்குப் போகிறவன். அவனுக்குப் படகைப் பற்றி நான் என்ன சொல்ல? சொன்னேன்தான். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டிருக்க விசை தேவையில்லை, வேகம் மாறத்தான் தேவை. இப்போது தடை மட்டும் இருக்கிறது, அதனால்தான் படகு மெதுவாகிறது. தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டல் படிப்பிக்கிறவர்களுக்குத் தெரியும்.

“சரி தம்பி, முன்னுக்கும் ஒரு விசை இருந்தா கணக்கில ஏன் அதைக் கழிக்கேல்ல? 200ஐ 400ஆல வகுத்து 0.5 எண்டு சரியாத்தானே போட்டிருக்கிறாய்?”

“அது கணக்கு ரீச்சர். இது போட்.”

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு கரம் போட்டைக் கொண்டுவரச் சொல்லி, பவுடர் போட்டும் போடாமலும் காயைச் சுண்டிக் காட்டினேன். ஒரே சுண்டல், பவுடரில் கூடத் தூரம் போகிறது. ஆகவே காயை நிறுத்துவது பலகையின் உராய்வுதான், விசை தீர்ந்துபோவது இல்லை என்று. கொஞ்சம் யோசித்தான். “பவுடர் போட்டா விசை மெதுவாச் செலவாகும்” என்றான்.

இதை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் படிப்பித்த ஜான் பூரிடானும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: எறிகிறவன் கல்லுக்குள் ஓர் உந்துதலை ஏற்றி அனுப்புகிறான்; காற்றும் கல்லின் பாரமும் அதைக் கரைக்கும்வரை கல் போகும். நியூற்றனின் விதிகள் அச்சில் வந்தது 1687இல். அவர்களுக்கு முந்நூறு வருடம் கிடைத்தது, எனக்கு 40 நிமிடப் பாடவேளை.

படகில் மிச்சம் ஒன்று இருப்பதும் உண்மைதான்: உந்தம், அதாவது திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அதை விசைப் படத்தில் அம்பாகப் போட்டால் எல்லாம் குழம்பிவிடும். சாதாரண தரப் பரீட்சையில் அந்த அம்புக்கு யாரும் இரங்கப் போவதில்லை. அதனால்தான் வெட்டினேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த வகுப்பில் படகைப் பற்றி உண்மையாக யோசித்தவன் அவன் ஒருவன்தான். சரியாக எழுதிய மற்றவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எத்தனை பேரின் தாளில் புள்ளி நின்றிருக்குமோ.

அடுத்த தவணையில் அதே மாதிரி ஒரு கேள்வி. அம்பு இல்லை.

“இப்ப விளங்கிட்டுதா?”

“ஓம் ரீச்சர். அந்த அம்பைப் போடக்கூடாது.”

முழுப் புள்ளி போட்டேன். வேறென்ன போடுவது?