பின்கதவையும் ஆட்டிப் பார்த்த அப்பா

அப்பா போய் இன்றோடு ஒரு வருஷம்.

காரைக்குடியில் இரண்டாம் நிலைக் காவலராக வேலை பார்த்து, 25 வருஷ சர்வீஸுக்கு அப்புறம் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சார்பு ஆய்வாளர்) ஆனவர். பெரிய கேஸ், பதக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கு வாய்த்தது பெரும்பாலும் இரவு ரோந்துதான். எங்கள் பக்கம் பெரிய வீடுகளில் பாதி பூட்டியே கிடக்கும். ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். "முன்பக்கப் பூட்டை மட்டும் ஆட்டிப் பார்த்தா பாதி வேலைதாம்மா முடிஞ்சிருக்கு" என்பார். சைக்கிளில் சுற்றிப் போய்ப் பின்கதவையும் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் கையெழுத்துப் போடுவார்.

சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி, பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரைக் கூட்டம். எல்லாத் திருவிழாவுக்கும் போனார், ஒன்றிலும் எங்களோடு இல்லை. அம்மாவுக்கு அது தீராத குறை. எனக்கும் கோபம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் காலை பந்தோபஸ்து முடிந்து வந்ததும், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து எனக்குச் சடை பின்னிவிடுவார். கோணலாகத்தான் இருக்கும். அம்மா அவிழ்த்துப் பின்ன வந்தால் விடவே மாட்டேன். அப்படியே பள்ளிக்கூடம் போவேன்.

நேற்று பீரோவை ஒழித்தபோது அவர் பெல்ட் கிடைத்தது. பித்தளைக் கொக்கி கறுத்துக் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்த்தேன், பாதிதான் போயிருக்கிறது. சாயங்காலம் இன்னொரு தடவை தேய்க்க வேண்டும்.