தீபாவளிக்கு முன் பழைய பிரஷ்களைத் தேற்றிப் பார்த்தது

பினாங்கில் தீபாவளிக்குச் சாயம் அடிப்பதென்றால் மழையோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும், செப்டம்பரில் பிடித்தால் நவம்பர் வரை விட்டுவிட்டு ஊற்றும். சுவர் காயவில்லை என்று எல்லாரும் புலம்புவார்கள், பிரஷ் காய்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இந்த வருடம் புதுசு வாங்குவதற்கு முன்னால், ஆயர் ஈத்தாம் பிளாட்டில் எங்கள் ஸ்டோர் ரூமில் கிடக்கிற பழைய சாமான்களில் எது தேறும் என்று பார்க்க உட்கார்ந்தேன். மச்சான் இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தந்த பிரஷ்களும் அதில் உண்டு. எந்தக் கோலத்தில் தந்தான் என்று எழுதினால் வீட்டில் சண்டை வரும், விடுங்கள்.

முதல் வேலை, எது பன்றி முடி, எது நைலான் என்று பிரிப்பது. ஒரு முடியைப் பிடுங்கி லைட்டரில் காட்டினால் போதும். நிஜ முடி என்றால் தலைமுடி கருகுகிற நாற்றம் வரும், செயற்கை என்றால் உருகிக் குட்டி உருண்டையாகிவிடும். பன்றி முடி தண்ணீரைக் குடித்து ஊதிப் பரட்டையாகிவிடும், அதனால் அது கிரில்லுக்கும் கதவுக்கும் அடிக்கிற எண்ணெய்ச் சாயத்துக்கு மட்டும். சுவருக்கு அடிக்கிற தண்ணீர்ச் சாயத்துக்கு நைலான், பாலியெஸ்டர்.

காய்ந்து கட்டையாகிப்போன நைலான் பிரஷ்ஷை வெறும் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் அசையாது. தண்ணீர்ச் சாயத்தில் தண்ணீர் ஆவியானதும் உள்ளே இருக்கிற பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடுகின்றன, அதற்கப்புறம் அதைத் தண்ணீர் கரைக்காது. வெள்ளை வினிகரைக் கொதிக்க விடாமல் நன்றாகச் சூடாக்கி, பிரஷ்ஷின் முடிப் பகுதி மட்டும் முழுகுகிற மாதிரி அரை மணி நேரம் வைத்தேன். வீடெல்லாம் ஊறுகாய் வாசம், மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் சாயம் இளகிவிட்டது, பழைய சீப்பால் வேர்ப்பக்கத்திலிருந்து நுனி வரை இழுத்தால் செதில் செதிலாக வருகிறது. எண்ணெய்ச் சாயம் காய்ந்த பிரஷ்ஷுக்கு இந்த வைத்தியம் எடுபடவில்லை. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிற சாயம், இறுகிய பிறகு தின்னரே திணறும். அந்தப் பிரஷ்களை ஏர்கோன் தூசி தட்ட வைத்துக்கொண்டேன்.

மாமனார் வந்து பார்த்தார். இளவயதில் சாயக் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர். "மாப்பிள்ளை, நுனியக் கழுவி என்ன பண்ண, கழுத்தப் பாருங்க" என்றார். தகரப் பட்டைக்குள் முடி நுழைகிற இடம்தான் அவர் சொல்லும் கழுத்து. நுனி பளிச்சென்று இருக்கும், உள்ளே சாயம் இறுகி முடியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கும், அதனால்தான் பிரஷ் விசிறி மாதிரி விரிகிறது. அதிலிருந்து கழுவுகிற முறையையே மாற்றிக்கொண்டேன். முதலில் மிச்சச் சாயத்தை டின் விளிம்பில் வழித்து, பழைய நாளிதழில் தேய்த்து எடுத்துவிடுவது. அப்புறம் பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு, கழுத்துப் பக்கம் விரலை விட்டுப் பிசைவது. கழுத்தை அழுத்தும்போது வருகிற தண்ணீர் தெளிந்தால்தான் முடிந்தது, நுனியில் வருகிற தண்ணீரை நம்பக் கூடாது. கடைசியில் கைப்பிடியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, வாளிக்குள் மோர் கடைவது போலச் சுழற்றினால் தண்ணீர் தெறித்துப் போய்விடும். வாளிக்கு வெளியே சுழற்றினால் சுவருக்கு இன்னொரு கோட் இலவசம்.

வேலை தொடங்கும் முன் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டுச் சாயத்தில் முக்குவதும் அவர் சொன்னதுதான். ஏற்கனவே ஈரமாக இருந்தால் சாயம் கழுத்து வரை ஏறி அங்கே காய்வது குறைகிறது, கழுவுவதும் பாதி சுலபம்.

எண்ணெய்ச் சாயத்துக்குத் தின்னர். நிறைய ஊற்றி ஒரே தடவை அலசுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி அலசினால் செலவும் குறைவு, சுத்தமும் அதிகம். பிறகு சோப்புத் தண்ணீர். அழுக்குத் தின்னரை மூடி ஒரு வாரம் போல அசையாமல் வைத்தால் சாயம் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறை முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். மெல்லிய பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றாதீர்கள், சில தின்னர் அதையே இளக்கிவிடும். குடிதண்ணீர்ப் போத்தலென்றால் இன்னும் மோசம், யாராவது எடுத்துக் குடித்துத் தொலைப்பார்கள். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடவும் வேண்டாம், எண்ணெய்ச் சாயம் காயும்போது சூடு உண்டாகும், குவியலுக்குள் அந்தச் சூடு மாட்டிக்கொண்டால் தானாகவே தீப்பிடிக்கிற வாய்ப்பு உண்டு. நான் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிட்டேன்.

ரோலர் குடிக்கிற சாயம் கொஞ்சநஞ்சமல்ல. பட்டித் தகட்டால் மேலிருந்து கீழாக வழித்தால் டின்னுக்குத் திரும்புவதைப் பார்த்து நானே அசந்துபோனேன். கழுவியதும் படுக்கவைக்காமல் நட்டமாக நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் நசுங்கி, சுவரில் பட்டை பட்டையாக விழும். டிரேயைக் கழுவவே வேண்டாம், தண்ணீர்ச் சாயம் காய்ந்ததும் ஓரத்தில் நகத்தை விட்டு உரித்தால் முழுத் தோலாக வரும். இந்த ஒன்றுக்கு மட்டும் பிள்ளைகள் கூப்பிடாமலே ஓடி வருகிறார்கள்.

மறுநாளும் அதே நிறம்தான் என்றால் கழுவுவது வீண். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றி வைத்தால் காலையில் அப்படியே எடுத்து அடிக்கலாம்.

காயவைப்பதுதான் இந்த ஊரில் பெரும்பாடு. நனைந்த பிரஷ்ஷை முடி மேலே பார்க்க டின்னில் நிறுத்தினால் தண்ணீர் நேராகத் தகரத்துக்குள் இறங்கும். கடல் காற்று வேறு, மலிவு பிரஷ் என்றால் பட்டை சீக்கிரம் துருவேறும், அடுத்த முறை வெள்ளைச் சாயத்தில் பழுப்புக் கோடு இழுக்கும். துணிக்கொடியில் கம்பி வளைத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகுதான் நாளிதழில் சுற்றுகிறேன். ஈரத்தோடு சுற்றினால் பூசணம் நிச்சயம்.

மச்சான் மறுபடி ரோலர் கேட்டிருக்கிறான். டிரேயை மட்டும் கொடுத்தனுப்பினேன்.